பாதி மொட்டை

சித்ரலேகாவுக்கு இரட்டைப் பிள்ளைகள். பெரியவனுக்கு அவள் மாமனார் பெயர், குற்றாலலிங்கம். பதினொரு நிமிஷம் பிந்திப் பிறந்தவனுக்கு அவள் அப்பா பெயர், நெல்லையப்பன். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அவர் செத்து ஐந்து வருஷம் ஆகியும் தடை நீங்கவில்லை. பாளையங்கோட்டையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நாள் முழுக்க ஊரார் பெயரையெல்லாம் தட்டச்சு செய்கிறவள், பெற்ற பிள்ளையை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

சின்னவன் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது நெஞ்சில் சளி கட்டி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஐந்தாம் நாள் டாக்டர் எதுவும் சொல்லாமல் போனார். அன்றைக்கு அவள், "இவன் முதல் முடி உனக்கு, பிள்ளைய விட்டுரு" என்று குலதெய்வமான சாஸ்தாவுக்கு நேர்ந்துகொண்டாள். பெரியவன் முடி வீட்டு வழக்கப்படி திருச்செந்தூர் முருகனுக்கு.

பிள்ளை பிழைத்து வந்தான். பயம் போகவில்லை. நேர்ந்ததைக் கொடுக்கும் வரை அவன் சாமியின் பிள்ளை, எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்பார் என்று நம்பினாள். இரண்டரை வருஷமாக அவன் பச்சைத் தண்ணீரில் விரல் நனைத்ததில்லை.

தொண்ணூற்றாறு பங்குனி உத்திரத்துக்கு அம்பாசமுத்திரம் பக்கம் ஆற்றங்கரைச் சாஸ்தா கோவிலுக்குப் போனார்கள். பொங்கல் வேலை அவளுக்கு. சின்னவனை முடி எடுக்க உட்கார வைக்கும் ஒரே ஒரு வேலை கணவர் சிவசங்கரனுக்கு. அவர் கணக்கு வாத்தியார். அடையாளமும் சொல்லியிருந்தாள்: சிவப்பு அரைஞாண் கட்டியவன் சின்னவன், கறுப்பு பெரியவன்.

பானை பொங்கும் நேரத்தில் அழுகை கேட்டது. பெரியவன் அழுகை. அகப்பையோடு எழுந்து ஓடினாள்.

"நிறுத்துங்க! அது உங்கப்பா! உங்கப்பா!"

சிவசங்கரன் செத்துப்போன அப்பாவைக் கூட்டத்தில் தேடினார். அதற்குள் பிள்ளைக்கு இடது பக்கத் தலை முழுக்க வழித்தாகிவிட்டது.

"கறுப்புதான சின்னவன்?"

"செவப்பு. நாலு தடவ சொன்னேன்."

"அண்ணாச்சி, மிச்சத்த எடுக்கவா, வேண்டாமா?" என்று கேட்டார் முடி எடுக்கும் சுடலையாண்டி.

அவள் அகப்பையைக் கீழே போட்டாள். சாமிக்கு ஆளை மாற்றிக் கொடுத்தாயிற்று. சாமி கோபித்துக்கொண்டால் யாரிடம் போய் முறையிடுவது? பூசாரி வந்து, ரெண்டு பேருக்கும் இங்கேயே எடுத்துருங்க, முருகன் ஒண்ணும் நினைக்கமாட்டார் என்றார். முருகனைக் கேட்டுவிட்டு வந்தவர் மாதிரிச் சொன்னார்.

அவள் கண்ணைத் துடைத்தாள். சின்னவனைத் தானே மடியில் வைத்துக்கொண்டு சுடலையாண்டியை முழு மொட்டை எடுக்கச் சொன்னாள். "பெரியவனுக்கு மிச்சம் இருக்குல்லா, அது திருச்செந்தூருக்கு. இன்னைக்கே போவோம்" என்றாள்.

"இந்தக் கோலத்துலயா?"

"வேற கோலம் உங்க கையில இருந்தா குடுங்க."

இரண்டு பஸ் மாறினார்கள். முடியுள்ள பக்கம் தெருவைப் பார்க்க உட்கார வைத்ததால் வெளியே இருந்தவர்களுக்கு அவன் லட்சணமான பிள்ளை. உள்ளே இருந்தவர்களுக்குத்தான் சிரமம். ஆழ்வார்திருநகரியில் ஏறிய அம்மாள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நேர்ச்சையே இப்படித்தானா தாயி?" என்றாள்.

"ஆமா. ரெண்டு சாமி கேட்டுட்டாங்க, ஒரு தலதான இருக்கு" என்றாள் சித்ரலேகா. சொல்லி முடித்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க அதிகமாயிற்று. அவள் அப்படிச் சிரித்து அந்தப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. சின்னவன் பயந்துபோய், "அம்மாவுக்கு என்னாச்சு?" என்று அப்பாவிடம் கேட்டான். அவருக்கும் தெரியவில்லை.

திருச்செந்தூரில் பெரியவன் பாக்கித் தலையையும் கொடுத்துவிட்டு வந்தான். கடற்கரையில் அவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது சின்னவன் அப்பா கையை உதறிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினான். முழங்கால் உயர அலை ஒன்று அவனைக் குப்புறத் தள்ளிவிட்டுப் போயிற்று. எழுந்து இருமினான்.

"ஐயோ, சளி பிடிக்கப்போகுது!" என்று சிவசங்கரன் பாய்ந்தார். அவள் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுங்க. நேந்தத குடுத்தாச்சுல்லா. இனி அவன் எம் பிள்ள."

அடுத்த அலைக்கு அவளும் சேலையோடு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.