மாறனா, சேதுவா?

போன வாரம் மந்தின் டவுன் கடைத்தெருவில் பொரித்த மரவள்ளி வாங்க நின்றேன். பக்கத்தில் இரண்டு பையன்கள். எந்தக் கார்ட்டூன் வீரன் எந்த வீரனை அடிப்பான் என்று ஒரே கத்தல். "ஒரே அடிலா, படுத்துருவான்!" என்றான் ஒருவன். எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "நிறுத்துங்கடா!" என்று கத்திவிட்டேன். கிழவனுக்குக் கிறுக்கு என்று நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும். உங்களிடம் சொன்னால் என்ன, அந்தச் சண்டையை அவர்களைவிட வெறியாகப் போட்டவன் நான்.

மரவள்ளி வாசனை ஒன்று போதும், ஜப்பான்காரன் காலம் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். பாலை வாங்க ஆளில்லாமல் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் வேலை நின்றுபோய், எல்லாரும் மரவள்ளி போட்டோம். காலையிலும் கிழங்கு, மாலையிலும் கிழங்கு. எங்கேயாவது அரிசியைக் கண்ணால் பார்த்தவன் அதைப் பற்றி ஒரு வாரம் பேசுவான்.

யுத்தத்துக்கு முன் படத்துக்காரர் ஒருவர் லாரியில் வந்து, வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார். அவரிடம் இரண்டே படம்தான். ஒன்றில் சுருள்வாள் சேது, இன்னொன்றில் இரும்புத்தோள் மாறன். "அடுத்த தடவ ரெண்டு பேரும் மோதுற படம் கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த தடவை வந்தது ஜப்பான்காரன்.

அவ்வளவுதான், தோட்டமே இரண்டு கட்சியாயிற்று. நான் மாறன் கட்சி. அவனைப் போலத் தோளைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். கழுத்துச் சுளுக்கா என்று பெண்கள் கேட்டார்கள். என் அக்காள் புருஷனான மச்சான் சேது கட்சி. கிழங்கு பிடுங்கும்போதும் இதே பேச்சுத்தான்.

"மாறன் தோள்ல பட்டா வாள்தான் மச்சான் வளையும்."

"கிட்ட வந்தாத்தானே மாப்ள? எங்காளு பத்தடி தள்ளி நின்னே சுத்திப்புடுவான்."

பேசினால் பசி தெரியவில்லை. ஆனால் நாள் போகப் போக ஒரு கட்சிக்காரன் இன்னொரு கட்சிக்காரனுக்குப் பீடி பற்ற வைக்க நெருப்புக்கூடக் கொடுப்பதில்லை. வேலை பார்க்க வைக்கும் மண்டோருக்கு அலுத்துப்போயிற்று. "ரெண்டு பேரு மோதிப் பாத்துருங்கடா. முதுகு மண்ணுல பட்டவன் கட்சி தோத்துச்சு. அதோட வாய மூடணும்" என்றார். மாறனுக்காக நான், சேதுவுக்காக மச்சான். இடம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், பேர் கூப்பிடுவதற்கு முன்.

அப்போது ஜப்பான்காரர்கள் சயாம் காட்டில் போட்ட ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து போனவன் எவனும் திரும்பவில்லை. லாரிச் சத்தம் கேட்டால் ஆண்பிள்ளைகள் காட்டுக்குள் ஓடிவிடுவோம். அதற்காகவே பெரட்டில் யாரும் உரக்கப் பேசுவதில்லை, காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம். அன்றைக்கு மட்டும் மறந்தோம்.

கட்டிப் பிடித்தபோதே தெரிந்துவிட்டது, மச்சானை நான் தூக்கிப் போட்டுவிடலாம் என்று. மனுஷன் உடம்பில் ஒன்றுமே இல்லை. தன் பங்குக் கிழங்கில் பாதியை அக்காளுக்குக் கொடுத்துவிடுவார், அவளுக்கு அப்போது ஏழு மாசம். அவள் கூட்டத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அட, பெண்டாட்டி முன்னால் ஒரு தடவை ஜெயிக்கட்டுமே என்று காலைத் தளர விட்டேன். மல்லாந்து விழுந்தேன். மச்சான் என் மேல் ஏறி உட்கார்ந்து, "சேதுடா!" என்று கையைத் தூக்கினார். ஊரே கூச்சல் போட்டது. அக்காள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்தக் கூச்சலில் லாரி வந்து நின்றது ஒருவர் காதிலும் விழவில்லை. திரும்பிப் பார்த்தால் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியும், அவர் பின்னால் ஒரு ஜப்பான் அதிகாரியும். "இன்னும் ஒரு ஆளு வேணுமாம்" என்றார் கிராணி, தரையைப் பார்த்தபடி. அதிகாரி ஜெயித்தவரைக் கையால் காட்டினான். பலசாலி வேண்டுமல்லவா? கீழே கிடந்த என்னை அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விட்டுக்கொடுத்தேன், நான்தான் பலசாலி, கல்யாணமாகாதவன், என்னைக் கொண்டுபோ என்று. மாறனுக்காக மணிக்கணக்கில் கத்திய வாய் திறக்கவில்லை. பயம், ஐயா, வெறும் பயம். எழுந்திருக்காமலே கிடந்தேன்.

மச்சான் லாரியில் ஏறிக்கொண்டு, "அக்காவப் பாத்துக்க மாப்ள, மூணு மாசந்தானாம்" என்றார். பிறகு, "தோத்தத மனசுல வச்சுக்காத" என்றார். எனக்கு ஆறுதல் சொன்னார், பாருங்கள்.

அவர் வரவில்லை. பிறந்த பெண்ணை நான்தான் தூக்கி வளர்த்தேன். தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊர் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும்.

அக்காள் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள், சிரம்பான் ஆஸ்பத்திரியில், கடைசியாகப் படுத்திருந்தபோது.

"தம்பி, அன்னிக்கு அவரு நெசமாவே ஒன்ன ஜெயிச்சாராடா?"

"ஆமாக்கா. என்னால புடிச்சு நிறுத்தவே முடியல."

"அதானே!" என்றாள். அப்படி ஒரு பெருமை அவளுக்கு. இரண்டு நாளில் போய்விட்டாள்.

அந்தத் தோட்டத்தில் இப்போது வரிசை வரிசையாக வீடுகள். பெரட்டுக் களம் எங்கே இருந்தது என்று கேட்டால் எனக்கே காட்டத் தெரியாது. அந்த இரண்டு படமும் என்னவாயிற்றோ, பார்த்தவர்களில் நான் ஒருவன்தான் பாக்கி. உண்மையைச் சொல்லி அடி வாங்கலாம் என்றால், அடிக்க உரிமையுள்ளவர்கள் யாரும் உயிரோடு இல்லை.