வெண்ணிலாவுக்கு நம்பர் குறைந்த கதை

கரிக்கலாம்பாக்கத்தில் புகழ்வேந்தன் வீட்டில் பூட்டுப் போடக்கூடிய அறை ஒன்றுதான். விலை உயர்ந்ததையெல்லாம் அங்கேதான் வைப்பார்கள்: பீரோ, நெல்லுக்கு அடிக்கும் பூச்சிமருந்து, புது மருமகள் வெண்ணிலா. மருந்து டப்பாக்கள் கட்டிலுக்கு அடியில், வெண்ணிலா கட்டிலுக்கு மேலே.

மாசமாக இருந்தபோது அந்த நெடி அவளுக்குக் குமட்டியது. வெளியே வைக்கச் சொன்னாள். திருட்டுப் போய்விடும் என்றான் கணவன் புகழ்வேந்தன். மாமியார் காசம்மாளோ, நிலம் இருக்கிற வீட்டில் மருந்து வாசனை அடிக்கத்தான் செய்யும், நிலமில்லாத வீட்டிலிருந்து வந்தவளுக்கு அது எங்கே தெரியும் என்று முகத்தை நொடித்தாள்.

அந்தச் சமயத்தில்தான், தாய்மார்களின் ரத்தத்தில் பூச்சிமருந்து எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்கும் ஆய்வுக்காக நர்ஸ் ஜாய்ஸ் வந்து ரத்தம் எடுத்தாள். வளைகாப்பு முடிந்து வெண்ணிலா சுத்துக்கேணிக்கு அம்மா வீடு போய், பெண் குழந்தை பெற்றபின், அங்கேயும் தேடி வந்து இன்னொரு முறை எடுத்தாள். முகவரி மாறினால் ஆய்வு கெட்டுவிடும் என்று மேலிடத்தில் அலுத்துக்கொண்டார்களாம். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவாள் என்பது அவர்கள் படித்த பெரிய படிப்பில் வரவில்லை போலும்.

முடிவை ஜாய்ஸ் போனில் சொன்னாள். முதல் நம்பர் அதிகம், இரண்டாவது அதில் பாதிகூட இல்லை. பால் தாராளமாகக் கொடு, மருந்து இருக்கிற அறையில் மட்டும் குழந்தையைப் படுக்க வைக்காதே என்றாள்.

செய்தி கரிக்கலாம்பாக்கம் போய்ச் சேர்ந்ததும் தலைகீழானது. ரத்தம் என்றால் நம்பர் ஏறினால் நல்லது, இறங்கினால் கேடு. சத்துமாத்திரை கொடுக்க வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிக்கொடுத்த பாடம் அதுதானே. தன் வீட்டுச் சோற்றில் ஊறிய ரத்தம் சுத்துக்கேணியில் வடிந்துவிட்டதாகக் காசம்மாள் தெருவெல்லாம் சொல்லி முடித்து, போன் போட்டாள்.

"இன்னாடி, அங்க கஞ்சி ஊத்துறாங்களா இல்லியா? நம்ம வூட்டுல இருந்தப்போ எவ்ளோ நம்பர் இருந்துச்சு. புள்ளயத் தூக்கினு வந்துடு, ஏத்திடலாம்."

குழந்தை மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. அந்த அறைக்கு இதைக் கொண்டுபோவதில்லை என்று வெண்ணிலா எப்போதோ முடிவுகட்டிவிட்டாள்.

"அது கட்டிலுக்கு அடியில இருக்கற மருந்தோட நம்பரு, அத்த. ஏறுறது நல்லதுன்னா அந்த டப்பாவ உங்க கட்டிலுக்கு அடியில வெச்சுக்கோங்க, உங்களுக்கும் ஏறும். அப்புறம் நாங்க வர்றோம்."



அழைத்துப்போக வந்த புகழ்வேந்தன், மருந்தெல்லாம் மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டது, அதற்குப் புதுப் பூட்டும் போட்டாயிற்று என்றான். யார் எடுத்து வைத்தது என்று கேட்டாள். அம்மாதான் என்றான்.

வாசனை அடிக்கத்தான் செய்யும் என்ற காசம்மாள், கொட்டகை வரைக்கும் மூக்கை முந்தானையால் இறுகக் கட்டிக்கொண்டு போனாளாம்.