கூப்பிடாமல் விட்ட நாற்காலி

அலுவலகத்தில் அவளுக்கு 'அடம்' என்று பெயர். வைத்தவர் மேனேஜர். வீட்டிலும் அதே பாட்டுதான். கொஞ்சம் வளைந்து கொடுத்தால் குறைந்தா போய்விடுவாய் என்று அண்ணன் கேட்காத வாரமில்லை. பள்ளியில், கணக்கு டீச்சர் போட்ட விடை தப்பு என்று சொல்லி வெளியே நிறுத்தப்பட்டவள். மன்னிப்புக் கேட்டால் உள்ளே வரலாம் என்றதற்கு, இங்கே காற்று நன்றாக வருகிறது என்றாளாம்.

அன்றைய தகராறு, கண் மருத்துவமனை ஒன்றுக்கான டோக்கன் ப்ரோகிராம். மறுநாள் அது ஓட வேண்டும். காத்திருப்பவர்களை ஓர் அரேயில், நாற்காலி வரிசை போல, மேனேஜரே அடுக்கியிருந்தார். காலைக்கு ஒரு முறை, மதியத்துக்கு ஒரு முறை அது வரிசையைப் பார்த்துக்கொண்டே போகும். கண்ணில் மருந்து விட்டவர்களைக் கூப்பிட்டு, கூப்பிட்டவரை நீக்கிவிடும். ஒத்திகையில் ஒரு பெரியவரைக் கூப்பிடவே இல்லை. டோக்கனை இறுகப் பிடித்தபடி, மருந்து விட்ட கண்ணோடு உட்கார்ந்தே இருந்தார்.

வரிசையைப் பின்னாலிருந்து ஓட்டினால் யாரும் விட்டுப்போக மாட்டார்கள் என்றார் மேனேஜர். கடைசியாக வந்தவரை முதலில் கூப்பிடவா என்று கேட்டாள். அப்படியென்றால் இப்படியே மருத்துவமனைக் கம்ப்யூட்டரில் ஏற்று, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"என் கையால ஏத்த மாட்டேன், சார்."

சாப்பாட்டு அறை நாற்காலிகளை இழுத்து வரிசையாகப் போட்டாள். முதலில் கணக்குப் பார்க்கும் அக்கா, அடுத்து மேனேஜர், பிறகு மற்றவர்கள். எல்லாருக்கும் மருந்து விட்டாயிற்று என்று வைத்துக்கொள்ளச் சொன்னாள். முதல் நாற்காலியைக் கூப்பிட்டாள். அக்கா எழுந்ததும் எல்லாரும் ஓர் இடம் முன்னால் நகர்ந்தார்கள். மேனேஜர் முதல் நாற்காலிக்கு வந்துவிட்டார். அவளோ, ப்ரோகிராம் செய்வது போலவே, அதைத் தாண்டி இரண்டாவதைக் கூப்பிட்டாள், பிறகு மூன்றாவதை. வரிசை முடிந்தபோது பாதிப் பேர் உட்கார்ந்தே இருந்தார்கள்.

"என்னம்மா, என்னைக் கூப்பிடவே இல்லையே?"

"மதியம் வாங்க, சார்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

லிங்க்ட் லிஸ்ட்டாக மாற்றவேண்டும் என்றாள். அதில் ஒவ்வொருவரும் தனக்கு அடுத்தவரின் கையை மட்டும் பிடித்திருந்தால் போதும். நடுவில் ஒருவர் போனால், முன்னவர் கை நீட்டி அடுத்தவரைப் பிடித்துக்கொள்வார். யாரும் நகர வேண்டாம். அவசரமாக வருபவரை நடுவில் சேர்ப்பதும் சுலபம். ஆனால் நாளைக்குள் முடியாது.

மேனேஜருக்கு முகம் கறுத்துவிட்டது. நாளைக்கு இது ஏறவில்லை என்றால் உனக்கு இங்கே வேலை இல்லை என்றார்.

"தாராளமா நீக்குங்க, சார். ஆனா என்னை நீக்கிட்டு, எனக்கு அடுத்து நிக்கிறவங்கள மறந்துடாதீங்க. உங்க ப்ரோகிராமுக்கு அந்தப் பழக்கம் இருக்கு."

திரும்பிப் போய் மேசையில் உட்கார்ந்தாள். வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று கேட்கவில்லை. புதியதை எழுத ஆரம்பித்துவிட்டாள்.

கூப்பிடாத நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேனேஜர் போனை எடுத்து மருத்துவமனைக்குப் பேசினார். நாளைக்கு முடியாதுங்க, இங்கே ஓர் அடம் பிடித்தவள் இருக்கிறாள், கேட்க மாட்டேன் என்கிறாள் என்று அவள் காதில் விழும்படியே சொன்னார்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுப்பதற்கு அதில் எதுவும் இல்லை.