ஜன்னலோரத்துப் பிள்ளை

புதுச்சேரியில் வகுப்பறை மாற்றம் பற்றிய ஆசிரியர் மாநாடு முடிந்து சென்னை திரும்புகிறேன். மரக்காணம் உப்பளத்தருகே பேருந்து பஞ்சராகி நிற்கிறது. இறங்கி நிற்கும் என் கையில், கரும்பலகைப் படம் போட்ட மாநாட்டுப் பை. அதைப் பார்த்துவிட்டு, உப்பு வாரும் பெண் ஒருத்தி வரப்பேறி வருகிறாள்.

"டீச்சருங்களா? சுனாமிக்கப்பறம் எம்பொண்ணு ஸ்கூலுக்கே போவ மாட்டேங்குது. ஜன்னலாண்ட ஒக்கார வெக்கிறாங்க. கடல் தெரியுதுன்னு நடுங்குது."

"இடத்தை மாத்தச் சொன்னீங்களா?"

"நாங்க சொன்னா கேப்பாங்களா?"

பெஞ்சுகளை வட்டமாகப் போடுவது பற்றி நேற்று மேடையில் ஒரு மணி நேரம் பேசியவள் நான். எந்தப் பிள்ளைக்கு எங்கே உட்காரப் பயம் என்று என் வகுப்பில்கூட ஒருநாளும் கேட்டதில்லை.

டயர் மாற்றியாயிற்று. நடத்துநர் விசில் அடிக்கிறார்.

"நீங்க கிளம்புங்க," என்று அவரிடம் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணிடம் திரும்புகிறேன்.

"ஸ்கூல் எந்தப் பக்கம்?"

கையில் ஒட்டிய உப்பைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவள் முன்னால் வேகமாக நடக்கிறாள்.