நாலரையா ஐந்தரையா

லூபோர் ஹனாக்கிடம் யார் வந்து காற்றுத்துப்பாக்கி கேட்டாலும் அவர் உடனே எடுத்துக் காட்டமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு மூன்று கேள்விகள் கேட்பார். எதைச் சுடப்போகிறீர்கள்? எவ்வளவு தூரத்திலிருந்து? குறி தவறினால் பின்னால் என்ன இருக்கிறது? பதிலைக் கேட்டுக்கொண்டு கடை ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் தெருவைப் பார்ப்பார். பிறகு "நாலரை" என்பார், அல்லது "அஞ்சரை" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

நாலரை, ஐந்தரை என்பது குழலின் உள்ளளவு, மில்லிமீட்டர் கணக்கில். நாலரைக் குண்டு மிளகு அளவுதான். வேகமாகவும் நேராகவும் போகும். ஐந்தரைக் குண்டு அதைவிடக் கனம். சற்று நிதானமாகப் போனாலும் பட்ட இடத்தில் பலமாக இறங்கும். காகிதக் குறிக்கும் காலி டப்பாவுக்கும் முன்னது, எலிக்குப் பின்னது. மொராவியாவின் தெற்கே லோமெட்ஸ் என்ற அந்தச் சிற்றூரில் இது தெரியாதவர்கள் குறைவு. ஆனாலும் லூபோர் வாயால் வந்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. துப்பாக்கியும் தூண்டிலும் விற்கும் அந்தக் கடையில் அவர் வேலைக்குச் சேர்ந்து இருபத்தேழு வருஷம் ஆகியிருந்தது. காற்றை உருளையில் அடைத்துச் சுடும் புதுவகை வந்தபோது ஊரில் சிலர் மயங்கினார்கள். லூபோர் அசையவில்லை. குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் அமுங்கும், விசையைத் தொட்டால் ஸ்பிரிங் விரியும், வேண்டியது ஒரு கை மட்டும், உருளை காலியாகிவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

அவரிடம் சொந்தமாக ஒரு துப்பாக்கியும் இருந்ததில்லை. அது ரகசியமல்ல, யாரும் கேட்கவில்லை. கல்யாணமானது முதல் அவரும் மனைவி த்ராஹோமீராவும் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்காவது மாடியில் இருந்தார்கள். அங்கே எலி வருவதென்றால் முதலில் மூன்றாவது மாடிக்காரர்களைத் தாண்டி வரவேண்டும்.

லூபோருக்கு ஐம்பத்தெட்டு வயதானபோது த்ராஹோமீராவின் சித்தப்பா இறந்துபோனார். தோட்டத்தோடு கூடிய வீடு அவளுக்கு வந்தது. குடிபோன முதல் வாரமே அவள் எட்டுக் கோழிகள் வாங்கினாள். இரண்டாவது மாதம் கோழிக்கூண்டின் அடியில் எலிகள் குடியேறின. முட்டையும் தீவனமும் குறைய ஆரம்பித்தன.

விஷம் வைக்க முடியாது. பக்கத்து வீட்டில் இருந்த பெட்நாரிக், ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர். அவருடைய கிழட்டு நாய் வேலியின் சந்து வழியாக வந்து கண்ணில் பட்டதையெல்லாம் தின்னும். பொறி வைத்தார்கள். எலிகள் பன்றிக்கொழுப்பைத் தின்றுவிட்டுப் பொறியை வைத்தபடியே விட்டுப்போயின. ஒரு நாள் பொறி இடம் மாறியிருந்தது.

ஒரு மத்தியானம் சூப்பைக் கலக்கிக்கொண்டே த்ராஹோமீரா சொன்னாள்: "இருபத்தேழு வருஷமா ஊருக்கெல்லாம் துப்பாக்கி எடுத்துக் குடுத்த. நம்ம வீட்டுக்கு ஒண்ணு எடுத்துட்டு வா."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றார் லூபோர்.

மூன்று நாள் யோசித்தார். தன்னுடைய மூன்று கேள்விகளையும் தன்னிடமே கேட்டுப் பார்த்தார். சுடவேண்டியது எலி. சமையலறை ஜன்னலிலிருந்து கூண்டு பதினாலு மீட்டர். பின்னால் இருப்பது டாக்டரின் கண்ணாடிக்குடில், உள்ளே தக்காளி. எலி என்றால் ஐந்தரை. ஆனால் தூரம் குறைவு, குறி சிறியது, துல்லியம் வேண்டும் என்று பார்த்தால் நாலரை. கண்ணாடியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். கடையில் இதற்கு அவருக்கு அரை நிமிஷம் போதும். அப்போது கண்ணாடி வேறு யாருடையதாவது இருக்கும்.

"கடைக்கு வர்றவங்களையும் இப்படித்தான் மூணு நாள் நிக்கவைப்பியா?" என்று த்ராஹோமீரா கேட்டாள்.

வெள்ளிக்கிழமை, கடை முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டு, ஒரே தயாரிப்பில் நாலரை ஒன்றும் ஐந்தரை ஒன்றும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சனிக்கிழமை காலை விறகுக் குவியலின் மேல் பழைய பலகைக் கதவைச் சாய்த்து, அதில் காகிதத்தை ஒட்டி, துணி துவைக்கும் கொட்டகையின் ஜன்னலோரம் உட்கார்ந்து சுட்டார். அங்கிருந்து ஒன்பது மீட்டர்தான். முதல் குண்டு காகிதத்தில் விழவில்லை. இரண்டாவது எங்கே போனது என்று தெரியவில்லை. துப்பாக்கியை மாற்றினார். ஐந்தாவது குண்டு கதவின் இரும்புக் கீலில் பட்டுத் தெறித்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது.

சிறிது நேரத்தில் டாக்டர் பெட்நாரிக் ஒரு கண்ணாடித் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வேலியோரம் வந்தார்.

"ஹனாக், இது நாலரையா, அஞ்சரையா?" என்று கேட்டார்.

"அஞ்சரை, டாக்டர்."

"எனக்கும் அப்படித்தான் பட்டுது," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

லூபோர் கதவை எடுத்துப் போட்டுவிட்டு வைக்கோல் கட்டு ஒன்றை நிறுத்தினார். தவறு எங்கே என்று அவருக்குத் தெரியும். இளம் வயதில் இரண்டு வருஷம் ராணுவத்தில் இருந்தவர். அங்கே துப்பாக்கியைத் தோளோடு இறுக்கிப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஸ்பிரிங் துப்பாக்கிக்கு அது ஆகாது. ஸ்பிரிங் விரியும்போது, குண்டு குழலை விட்டுப் போகுமுன்பே துப்பாக்கி ஒரு முறை பின்னாலும் ஒரு முறை முன்னாலும் குலுங்கும். அதைக் குலுங்க விடவேண்டும். இறுக்கினால் குண்டு தன் இஷ்டத்துக்குப் போகும். இதை ஆயிரம் பேருக்காவது அவர் சொல்லியிருப்பார். சொல்லும்போது அவருக்கு அது நன்றாகவே புரிந்திருந்தது. கைகளுக்குத்தான் புரியவில்லை. எவ்வளவு தளர்த்தினாலும் விசையைத் தொடும் நேரத்தில் தாமாக இறுகிக்கொண்டன. பத்துக்கு இரண்டு பட்டது.

தீவன வாளியோடு வந்த த்ராஹோமீரா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு, "குடு," என்றாள்.

குழலை மடக்க முயன்றாள். பாதிக்கு மேல் மடங்கவில்லை. லூபோர் மடக்கிக் கொடுத்தார். நாலரைக் குண்டை எடுத்து உள்ளே வைக்கப் பார்த்தாள். அது நழுவிப் புல்லில் விழுந்தது. இன்னொன்று எடுத்தாள், அதுவும் விழுந்தது. இருபத்தொன்பது வருஷம் தையல் ஆலையில் பொத்தான் துளை தைத்தவள் அவள். விரல் மூட்டெல்லாம் வீங்கிப்போய், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேருமிடத்தில் மிளகு நழுவும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது.

"அந்தப் பெரிசை எடு," என்றாள்.

ஐந்தரைக் குண்டு கையில் நின்றது. துப்பாக்கியை இடது உள்ளங்கையில் சும்மா ஏந்தி, கன்னத்தைச் சாய்த்து, சுட்டாள். காகிதத்தில், நடுவிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பட்டது. அடுத்ததும் அதன் பக்கத்திலேயே விழுந்தது.

லூபோர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் இருபத்தேழு வருஷத்தில் ஒருவரிடமாவது விரலைக் காட்டச் சொல்லிக் கேட்டோமா என்று யோசித்துப் பார்த்தார். கேட்டதாக நினைவில்லை. எத்தனை குண்டுகள் எத்தனை தோட்டங்களில் புல்லுக்குள் கிடக்கின்றனவோ என்று தோன்றியது.

திங்கட்கிழமை த்ராஹோமீரா தானே கடைக்கு வந்தாள். வரிசையாக ஒவ்வொன்றின் குழலையும் மடக்கிப் பார்த்தாள். அவள் கைக்கு மடங்கியது ஒன்றுதான்: சுவரின் ஓரத்தில் தொங்கிய, எடை குறைந்த, சக்தி குறைந்த ஐந்தரை. மெல்லிய ஸ்பிரிங்கும் ஐந்தரைக் குழலும் சேர்ந்த அந்த வகையை லூபோர் யாருக்கும் சிபாரிசு செய்ததே இல்லை.

"அது வேண்டாம்," என்றார். "அவ்வளவு மெல்லிசு ஸ்பிரிங்குல அஞ்சரை, குடிச்சவன் வீட்டுக்குப் போற மாதிரி வளைஞ்சு போகும்."

"எவ்வளவு தூரத்துல?"

"முப்பது மீட்டர்ல."

"நம்ம தோட்டமே முப்பது மீட்டர் கெடையாது, லூபோர்."

லூபோர் அதை உறையில் போட்டுக் கொடுத்தார். கடை முதலாளியம்மா ரசீது போட்டார்.

துணி துவைக்கும் கொட்டகையின் ஜன்னலில் ஒரு தலையணையைப் போட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கு, கோழிகளைக் கூண்டில் அடைத்ததும் த்ராஹோமீரா உட்கார்ந்துவிடுவாள். குறி தப்பினால் குண்டு விறகுக் குவியலில் போய் இறங்கும். கண்ணாடிக்குடில் அந்தப் பக்கமே இல்லை. தலையைப் பார்த்துச் சுடவேண்டும், தலை தெரியாவிட்டால் சுடக்கூடாது என்று லூபோர் சொல்லியிருந்தார். அவள் அப்படியே செய்தாள். சில நாள் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுச் சுடாமலே எழுந்து வருவாள். செப்டம்பர் முடிவதற்குள் பதினோரு எலிகள். பெட்நாரிக் வேலியின் மேல் கையை ஊன்றி நின்று பார்ப்பார். பார்த்ததை ரொட்டிக்கடையில் சொல்வார்.

அப்படித்தான் விஷயம் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு எட்டியது. திராட்சை அறுவடைத் திருவிழாவில் அவர்கள் வருஷாவருஷம் சுடும் போட்டி வைப்பார்கள். படைத்தலைவர் வீட்டுக்கே வந்து த்ராஹோமீராவைக் கலந்துகொள்ளச் சொன்னார். அவள் யோசிக்காமல் சரி என்றாள். பிறகுதான் அவர் விதியைச் சொன்னார். பத்து மீட்டர், பத்துக் குண்டு, எல்லாரும் அவர்கள் கொடுக்கும் துப்பாக்கியில்தான் சுடவேண்டும். நாலரை.

"அப்போ என்னால முடியாது," என்றாள். "அந்தக் குண்டு என் கையில நிக்காது."

படைத்தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். குண்டைச் சுடுபவரே போடவேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

ஆகவே திருவிழாவன்று, தீயணைப்பு நிலையத்தின் பின்புறத்தில், பொரித்த பன்றிக்கறி வாசனைக்கும் பித்தளை வாத்தியக் கோஷ்டிக்கும் நடுவில், லூபோர் மனைவிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் குழலை மடக்கி, மிளகு அளவு குண்டை உள்ளே வைத்து, குழலை நிமிர்த்தி நீட்டினார். ஒன்றுகூடக் கீழே விழவில்லை. த்ராஹோமீரா நூற்றுக்கு எண்பத்துமூன்று எடுத்து நான்காவதாக வந்தாள். பரிசு மூன்று பேருக்குத்தான்.

பதிவுத் தாளில் படைத்தலைவர் மரியாதைக்காக லூபோர் பெயரையும் எழுதியிருந்தார். எழுதிய பெயரை அடிக்க யாருக்கும் மனம் வரவில்லை; லூபோரும் சுட்டார். முப்பத்தொன்று. முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தேழாவது. கடைசியாக வந்தவர் குடித்திருந்தார். மொத்தப் பட்டியலையும் தட்டச்சு செய்து தீயணைப்பு நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். கடைக்குப் போகும் வழியில்தான் அந்தப் பலகை.

மறுநாள் லூபோர் கடையைத் திறக்கும்போது ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தார். சொல்லவேண்டிய பதிலையும் தயார் செய்திருந்தார். பத்து மணிக்கு டிராக்டர் ஓட்டும் ஒருவன் வந்தான். போட்டியில் சுட்டவன்தான், பலகையைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. தன் மச்சானுக்குக் காற்றுத்துப்பாக்கி வேண்டும் என்றான். லூபோர் மூன்று கேள்விகளையும் கேட்டார். பிறகு மச்சானுடைய கை எப்படி என்று கேட்டார். தச்சுப்பட்டறையில் ஒரு விரல் போய்விட்டது என்று அவன் சொன்னான். "அஞ்சரை," என்றார் லூபோர். அவன் வாங்கிக்கொண்டு போனான். அந்த வாரம் முழுக்க அப்படியே நடந்தது. பலகையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

தாங்கமுடியாமல் லூபோரே பெட்நாரிக்கிடம் பேச்செடுத்தார். அவர்கள் சும்மா இருப்பது இரக்கமா, மறதியா என்று தெரியவில்லை என்றார்.

"நான் முப்பத்தஞ்சு வருஷம் மாட்டுக்குப் பிரசவம் பாத்தேன், ஹனாக்," என்றார் டாக்டர். "நான் ஒரு கன்னுகூடப் போட்டதில்ல. யாரும் கேக்கல."

நவம்பரில் எலிகள் லூபோர் தோட்டத்தை விட்டுப் போய்விட்டன. வெகுதூரம் போகவில்லை. டாக்டரின் முயல் கூண்டுகளுக்கு அடியில் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தன. டாக்டர் கோட்டும் தொப்பியுமாகக் கடைக்கு வந்து, ஒரு வாடிக்கையாளரைப் போல வரிசையில் நின்றார். அவருடைய முறை வந்ததும், எலி, பன்னிரண்டு மீட்டர், பின்னால் கற்சுவர் என்று அவராகவே சொல்லிவிட்டு, கேட்காமலே இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தார்.

கைகள் நடுங்கின. மேஜையில் இருந்த குண்டு டப்பா லேசாக ஒலித்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் ஏன் வேலையை விட்டார் என்பது லூபோருக்கு அப்போதுதான் புரிந்தது.

லூபோர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார்.

"நாலரையும் வேண்டாம், அஞ்சரையும் வேண்டாம், டாக்டர்," என்றார். "சனிக்கிழமை மூணு மணிக்கு நாங்க வர்றோம்."

"உங்க சம்சாரமா?"

"நான் கூட வருவேன்."

"நீங்க சுட மாட்டீங்களே?"

"மாட்டேன்."

டாக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார். சம்பள நாளில் முதலாளியம்மா, வந்தவரை வெறுங்கையோடு அனுப்பியது பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். லூபோர் கேட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை த்ராஹோமீரா துப்பாக்கியை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஐந்தரைக் குண்டை அவளே போட்டுக்கொள்வாள் என்பதால் லூபோருக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. அவர் தேநீர்க் குடுவையையும் பாப்பி விதை வைத்த ரொட்டிகளையும் எடுத்துக்கொண்டார். டாக்டர் மூன்று நாற்காலிகள் போட்டு வைத்திருந்தார். முதல் நாள் எலி ஒன்றும் வெளியே வரவில்லை. குளிரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, ரொட்டியைத் தின்றுவிட்டு, அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொல்லி எழுந்தார்கள்.