ஊரான் காரும் அண்ணாச்சி வத்தலும்

கார் பந்தயத்தில் வண்டி ஓட்டுகிறவரையும் டயர் மாட்டுகிறவரையும் எல்லாருக்கும் தெரியும். மழை வருமா வராதா என்று பார்த்துச் சொல்லவும் ஒரு ஆள் உண்டு, அந்தப் பாவி நான்தான். பந்தயம் ஐரோப்பாவில், ஊர் ஊராகப் போய் நடத்துகிற ஃபார்முலா சீசன். நான் இருப்பது தென்காசியில். பந்தயத் தடத்துக் கேமராவையும் மேகப் படத்தையும் கம்ப்யூட்டரில் பார்த்து, எங்கள் அணி எஞ்சினியர் மார்க்கோவிடம் ஹெட்போனில் சொல்ல வேண்டும். வெயில் என்றால் வரியே இல்லாத மொட்டை டயர், மழை என்றால் வரி டயர். மாற்றிச் சொன்னால் கார் வழுக்கி, தடத்து ஓரம் கொட்டிவைத்த ஜல்லிக்குள் போய் நிற்கும்.

ஒரே ஒரு சீசனுக்குத்தான் ஒப்பந்தம். நீட்டிக்காவிட்டால் நான் மறுபடி பெங்களூரு, குற்றாலத்தில் பழக்கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் இங்கே. கல்யாணமான புதிதில் இரண்டு வருஷம் அப்படி இருந்து பார்த்தாயிற்று. இன்னொரு தரம் என்னால் ஆகாது. வெளிநாட்டு முதலாளிக்கு வீட்டிலிருந்தே உழைக்கும் சகபாவிகளே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

எதிர்வீட்டு வாடிக்கையாளர்

எதிர்வீட்டு மந்திரமூர்த்தி அண்ணாச்சிக்குப் பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி. விலை போகாமல் பழுத்துவிட்ட மிளகாயை மூட்டையாகக் கொண்டுவந்து மொட்டை மாடியில் வத்தலுக்குக் காயப்போடுவார். என் வேலை என்னவென்று கேட்டார். சொன்னேன். அன்றிலிருந்து பிடித்தது சனி. காலையில் பல் தேய்த்துக்கொண்டே என் ஜன்னலைப் பார்த்து, "தாயி, இன்னைக்கு எப்படி?" என்பார்.

அண்ணாச்சி, நான் பார்ப்பது அந்த ஊர் மழை, நம்ம ஊர் மழை எனக்குத் தெரியாது என்று எவ்வளவோ சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஊரான் காருக்கெல்லாம் மழை பாத்துச் சொல்லுதே, எதுத்த வீட்டு வத்தலுக்குச் சொல்ல மாட்டியோ?"

சாரல்தானே

குற்றாலத்துச் சாரலில் வளர்ந்தவர்கள் யாரும் குடை விரிப்பதில்லை. வெயில் ஒரு பக்கம் அடிக்கும், சாரல் ஒரு பக்கம் விழும், நனைந்த சட்டை நடக்க நடக்கக் காய்ந்துவிடும். இந்தப் புத்தியோடு நான் போய் இரண்டாவது பந்தயத்தில் உட்கார்ந்தேன். தொடங்கும் முன் கேமராவில் லேசாகப் பூத்தூறல் தெரிந்தது. வெயிலும் இருந்தது. "இதெல்லாம் ஒன்றுமில்லை, மொட்டை டயரே போதும்" என்று மகாராணி மாதிரி சொன்னேன்.

முதல் சுற்று, நாலாவது திருப்பம். எங்கள் கார் பம்பரமாகச் சுற்றி ஜல்லியில் போய்ப் புதைந்தது. வண்டி ஓட்டின பையனுக்கு அடி ஒன்றும் இல்லை, ஆனால் அன்றைய புள்ளிகள் அத்தனையும் போச்சு. இன்னொரு தப்பு நடந்தால் ஒப்பந்தத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று அணித் தலைவர் சொல்லிவிட்டார். மார்க்கோ கோபப்படவே இல்லை, அதுதான் அதிகம் சுட்டது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "உங்கள் ஊரில் இதை எப்படி எடுத்துக்கொள்வீர்களோ தெரியாது, இங்கே இது மழை."

பழக்கடையில் ஒரு சனிக்கிழமை

மின்வாரியப் பராமரிப்பு, நாள் முழுக்க கரண்ட் கிடையாது. அன்று பார்த்துச் சனிக்கிழமைப் பந்தயம். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு குற்றாலத்துக் கடைக்கு ஓடினேன். ரம்புட்டான் கூடைக்கும் மங்குஸ்தான் கூடைக்கும் நடுவில் என்னை உட்காரவைத்து, "ஏட்டி, பழத்துல கை வச்சிராதே" என்று மட்டும் சொன்னார் என் வீட்டுக்காரர்.

அருவியில் குளித்துவிட்டுத் தலை சொட்டச் சொட்ட வந்த ஒரு பெரியவர் பழம் வாங்க மறந்து திரையையே பார்த்தார். நாலு சக்கரமும் மூடாமல் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் அந்தக் காரை மேலும் கீழும் ஆராய்ந்தார். விலை கோடியில் என்று என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "இவ்வளவு ரூவா வாங்குதானே, ஒரு மட்கார்டு வச்சுக் குடுக்கக் கூடாதா?"

கடைசிப் பந்தயம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் ஜன்னலைச் சாத்தப் போன நேரம், பட்டு வேட்டியோடு அண்ணாச்சி தெருவில் நின்றார். "தாயி, ஆலங்குளத்துல ஒரு விசேஷம். வத்தலை அள்ளிட்டுப் போகவா, கெடக்கட்டுமா?" திரையைத் திரும்பிப் பார்த்தேன். பந்தயத் தடத்து வானம் சுத்தமாக இருந்தது. "வராது அண்ணாச்சி, போயிட்டு வாங்க" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

கார்களெல்லாம் வரிசையில் வந்து நின்ற பிறகு தடத்தில் பூத்தூறல் விழ ஆரம்பித்தது. கூடவே வெயில். அச்சு அசல் நம்ம சாரல். மற்றவர்கள் மொட்டை டயரிலேயே நின்றார்கள். எந்த டயர் என்று மார்க்கோ கேட்டார். "ஒன்றுமில்லை" என்று வாய் வரை வந்துவிட்டது. பெங்களூரு பஸ் கண்ணுக்குள் வந்து நின்றது. "வரி டயர்" என்றேன். தடம் இன்னும் சரியாக நனையவில்லை, பந்தயம் தொடங்கியதும் எல்லாரும் எங்கள் காரைத் தாண்டிப் போனார்கள். மூன்றாவது சுற்றில் கொட்டியது பாருங்கள், ஒவ்வொரு காராக வழுக்கிக்கொண்டு ஓரம் போக, எங்கள் பையன் இரண்டாவதாக வந்துவிட்டான். அணித் தலைவரே லைனுக்கு வந்து, அடுத்த வருஷமும் இருங்கள் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்காரருக்குப் போன் போடலாம் என்று ஹெட்போனைக் கழற்றினேன். அப்போதுதான் சத்தம் கேட்டது. ஜன்னலைத் திறந்தால் நம்ம தெருவில் பேய்மழை. அண்ணாச்சி மாடிக் குழாயிலிருந்து சிவப்புத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, மிளகாய் பாதி சாக்கடையில் மிதந்தது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணாச்சி நடுத்தெருவில் நனைந்துகொண்டே என்னைப் பார்த்தார். "சீமைக் காரைக் கரையேத்திட்டே, நல்லா இரு, என் வத்தலு குற்றாலத்துக்குப் போவாமலே குளிச்சிட்டு."

அடுத்த சீசனுக்கு வேலை உறுதி, வீட்டுக்காரரோடு ஒரே வீட்டில் இருப்பதும் உறுதி. அண்ணாச்சி மட்டும் இப்போதெல்லாம் மழை வருமா என்று என்னிடம் கேட்பதில்லை, நான் ஜன்னலைச் சாத்தினால் உடனே வத்தலை அள்ளிவிடுகிறார்.