நள்ளிரவு நாயகிக்கு இரண்டு சீட்டு

லிஃப்ட்காரர் இருட்டு மாளிகைக்குள் நூற்றுப்பன்னிரண்டு தடவை போயிருக்கிறார். அத்தனை தடவையும் வரிசையில் நின்று, டிக்கெட் எடுத்து, மற்றவர்களைப் போலத்தான் போனார். இந்த ஒரு விஷயத்தை மறைத்துத்தான் பதினோரு வருடம் மரியாதையோடு நடமாடினார்.

இருட்டு மாளிகை என்பது பொழுதுபோக்குப் பூங்காவின் கடைக்கோடியில் இருந்த பேய் வீடு. இரண்டு பேர் உட்காரும் பெட்டிகள் தண்டவாளத்தில் ஊர்ந்து போகும். ஏழு நிமிடத்தில் பயந்து முடித்து வெளியே வந்துவிடலாம். லிஃப்ட் கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில் அவர் அங்கே போனது மோட்டார் எப்படி ஓடுகிறது என்று பார்க்கத்தான். பேய்க்கும் அவருக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. ஆனால் மூன்றாவது வளைவில் நள்ளிரவு நாயகி உட்கார்ந்திருந்தாள். ஆளுயரப் பொம்மை, வெள்ளை உடை, இடுப்புக்குக் கீழே இறங்கும் கூந்தல், எதிரே ஒரு கண்ணாடி. பெட்டி பக்கத்தில் வந்ததும் சீப்பை நிறுத்திவிட்டு மெல்லத் திரும்பிப் பார்ப்பாள். கத்த மாட்டாள், பாய மாட்டாள். 'நீயா?' என்று கேட்பதுபோல் ஒரு பார்வை, அவ்வளவுதான். மனிதர் விழுந்துவிட்டார்.

கல்யாணமான புதிதில் மனைவியையும் கூட்டிப் போனார். அந்த அம்மாள் முதல் வளைவிலேயே தூங்கிப்போனார். ஊரே அலறுகிற இடத்தில் குறட்டை விட்ட ஒரே ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். இன்றைக்கும் கேட்டால், "உள்ள நல்லா குளுகுளுன்னு இருந்துச்சு" என்பார்.

பிறகு பூங்கா நஷ்டத்தில் மூடப்பட்டது. மாளிகையை இடித்தார்கள். இடித்த இடத்தில் பொறுக்க ஆரம்பித்ததுதான் லிஃப்ட்காரரின் சேகரிப்பு. ஒரு மண்டை ஓட்டின் கீழ்த்தாடை, 'இதய நோயாளிகள் ஏற வேண்டாம்' என்ற பலகை, கிழித்த டிக்கெட்டுகள் ஒரு டப்பா நிறைய, விளம்பரத் தாள்கள், கதவுக் கைப்பிடி ஒன்று. கட்டிலுக்கு அடியில் இடம் தீர்ந்து, பீரோ மேல் ஏறி, கடைசியில் துணி காயப்போடும் பால்கனிக்கும் வந்து சேர்ந்தது. மனைவி ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். ஒன்றை நூறாக்கும் தொழில் தெரிந்தவருக்கே இந்தப் பெருக்கம் ஆச்சரியமாக இருந்தது.

அவரைப்போல இன்னும் எட்டுப் பேர் அந்த ஊரில் இருந்தார்கள். பைத்தியம் தனியாக இருந்தால்தானே பைத்தியம். ஒன்பது பேர் சேர்ந்தால் சங்கம். சங்கத்துக்குத் தலைவர் பல் டாக்டர். மாதம் ஒரு ஞாயிறு அவருடைய மூன்றாவது மாடி கிளினிக்கில் கூடுவார்கள். முதல் கூட்டத்துக்கு லிஃப்ட்காரர் வேலை முடித்த கையோடு போனார். பழுப்புச் சீருடை, முழங்கை வரை கிரீஸ். மாளிகை ஊழியர்களுக்கும் அதே பழுப்புச் சீருடைதான். டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க உள்ள வேலை பார்த்தவரா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "ஆமா, ஒரு ஆறு மாசம்" என்று வந்தது.

வந்த வார்த்தையை விழுங்கவா முடியும்? உட்கார நல்ல நாற்காலி கொடுத்தார்கள். ஒரு பொய்க்குத் துணையாக ஒன்பது பொய் வந்தது. தண்டவாளம் துடைத்தேன் என்றார், விளக்கு மாற்றினேன் என்றார். பழைய படங்களையும் வரைபடங்களையும் தேடித்தேடிப் படித்து, போகாத வாசலையும் பார்க்காத படிக்கட்டையும் தண்ணீர் பட்ட பாடாகச் சொன்னார். சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: எந்தப் பொருள் கிடைத்தாலும் உள்ளே வேலை பார்த்தவர்களுக்குத்தான் முதல் உரிமை. அப்படிப்பட்டவர் அவர் ஒருவரே என்பதால், ஆறாம் நம்பர் பெட்டியின் கதவும் அவர் வீட்டுக்கே வந்தது. அதற்கு ஆசைப்பட்ட பழைய புத்தகக் கடைக்காரர் பெருமூச்சோடு வழிவிட்டார்.

மனைவிக்கு மட்டும் உண்மை தெரியும். "ஆறு மாசம் அங்க வேலை பார்த்தீங்களாமே? சம்பளத்த எந்த வீட்ல குடுத்தீங்க?" என்று எப்போதாவது ஒரு குத்து குத்துவார். அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

இப்படியிருக்க, நள்ளிரவு நாயகி கிடைத்துவிட்டாள். இடிப்பு காண்டிராக்டரின் குடோனில் கிழிந்த தார்ப்பாய்க்குக் கீழே பதினோரு வருடம் கிடந்திருக்கிறாள். இடம் காலியானால் போதும் என்று காண்டிராக்டர் சங்கத்துக்குச் சும்மாவே தூக்கிக் கொடுத்துவிட்டார். செய்தி கேட்ட இரவிலிருந்து லிஃப்ட்காரருக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை. முதல் உரிமை தன்னுடையது. நாயகி வீட்டுக்கு வரப்போகிறாள். பீரோவை நகர்த்தி மூலையில் இடம்கூடப் பண்ணியாயிற்று. மனைவி, "வீட்ல ரெண்டாவது பொம்பளைக்கு இடம் பண்ணிக் குடுத்த முதல் ஆள் நான்தான்" என்றார். ஆனால் பீரோவின் மறுமுனையைப் பிடித்தது அவரேதான்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் டாக்டர் ஃபோன் செய்தார். நாயகி கிடைத்ததாகக் கிளினிக் வாசலில் ஒட்டிய அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஒரு அம்மா வந்தாராம். மாளிகையில் எட்டு வருடம் பொம்மைகளுக்கு உடையும் தலைமுடியும் பார்த்தவராம். இப்போது பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறாராம். அவருக்கும் நாயகி வேண்டுமாம்.

"ரெண்டு பேருக்குமே முதல் உரிமை. சீட்டுப் போட்டுடுவோம். உங்களுக்கும் பழைய ஆளப் பார்த்த மாதிரி இருக்கும்" என்றார் டாக்டர் சந்தோஷமாக. லிஃப்ட்காரர் அன்று இரவே பழைய வரைபடங்களை மறுபடி எடுத்து விரித்தார்.

ஞாயிறு காலை போனபோது, நோயாளிகள் காத்திருக்கும் அறையில் நாயகியை உட்கார வைத்திருந்தார்கள். மூக்கில் ஒரு கீறல், கூந்தல் முழுக்கச் சிக்கு. வேன் அம்மா அவளுக்குப் பக்கத்து நாற்காலியில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். யாரோடும் பேசாமல் விரலால் கூந்தல் நுனியில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் இருவரையும் அறிமுகப்படுத்தினார்.

"எந்த வருஷம் இருந்தீங்கண்ணே?" என்று கேட்டார் வேன் அம்மா.

அவர் வருடத்தைச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பயம் யாரை நிறுத்தவிட்டது? தெற்கு சர்வீஸ் கதவு, பதினேழு படிக்கட்டு, எந்த மோட்டாருக்கு எத்தனை வோல்ட் என்று அடுக்கிக்கொண்டே போனார். சங்கம் பெருமையோடு கேட்டது. வேன் அம்மாவும் தலையாட்டினார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"இவங்கள நீங்க என்னன்னு கூப்பிடுவீங்க?" என்றார் பொம்மையைக் காட்டி.

"நள்ளிரவு நாயகின்னுதான்" என்றார் லிஃப்ட்காரர்.

வேன் அம்மாவின் விரல் கூந்தலில் நின்றது. அவரை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "சீட்டுப் போடுங்க சார்" என்றார்.

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு பேரையும் எழுதி, பஞ்சு டப்பாவில் போட்டுக் குலுக்கினார் டாக்டர். எடுத்தது லிஃப்ட்காரரின் சீட்டு. எல்லோரும் கை தட்டினார்கள். வேன் அம்மா எழுந்து, நாயகியின் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டுவிட்டு, "வரேன்" என்று சொல்லிப் படி இறங்கினார்.

லிஃப்ட்காரரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பின்னாலேயே ஓடி, கீழ்த்தளத்தில் பிடித்தார்.

"கண்டுபிடிச்சிட்டீங்க, இல்ல?"

"நாங்க யாருமே அவள நாயகின்னு சொன்னதில்ல. அது விளம்பரத் தாள்ல போட்டது. எங்களுக்கு அவ டீச்சர். வேலை நேரத்துல யாராவது கண் அசந்தா, சரியா அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பா. ஆறு மாசம் இல்ல, ஆறு நாள் இருந்தவனுக்கும் அது தெரியும்."

எண்சாண் உடம்பும் ஒரு சாணாகிப் போனது அவருக்கு. "அப்புறம் ஏன் மேல சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அங்க இருந்த இருவத்திரண்டு பேர்ல ஒருத்தராவது அங்க வேலை பார்த்தேன்னு வெளிய சொல்லியிருப்போமா? பேய் வீட்ல கூலி வேலைன்னு சொன்னா சிரிப்பாங்க. பொய் சொல்லியாவது எங்க ஆளா இருக்கணும்னு ஆசைப்பட்ட ஒருத்தர இன்னிக்குத்தான் பாக்குறேன். அத எட்டுப் பேர் முன்னால போட்டு உடைக்க எனக்கு மனசு வரல."

"உங்களுக்கு அவ எதுக்கு?"

"எங்களுக்கு அங்க ஓசி டிக்கெட் கிடையாது. காசு குடுத்துப் பிள்ளைங்கள கூட்டிட்டுப் போற நிலைமையும் இல்ல. என் பொண்ணு ஒரு தடவைகூட அவளப் பார்த்ததில்ல. அம்மா பேய்க்குத் தலை வாரினேன்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறா. சரி, விடுங்க. முடிய மட்டும் இழுத்து வாரிடாதீங்க." சாலையைக் கடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார்.

லிஃப்ட்காரர் மூன்று மாடியும் படியிலேயே ஏறினார். லிஃப்டில் போயிருந்தால் சீக்கிரம் போய்ச் சேர்ந்திருப்பார். அவருக்குக் கொஞ்சம் தாமதம் தேவைப்பட்டது. மேலே எல்லோரும் நாயகியோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் அங்க ஒரு நாள்கூட வேலை பார்க்கல. எல்லாம் படிச்சதும் கேட்டதும்தான். இவ அந்தம்மாவுக்குத்தான் சேரணும்" என்றார்.

பழைய புத்தகக் கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப ஆறாம் நம்பர் கதவு?"

"நாளைக்கே உங்க கடையில இறக்கிடறேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் முகம் சிவந்திருந்தது. "ஊர்ல எல்லார் வாயையும் திறந்து பாக்குறவன் நான். உங்க வாயைத்தான் பாக்காம விட்டுட்டேன். தூக்கிட்டுப் போங்க. அடுத்த மாசம் வரணுமா வேண்டாமான்னு நாங்க பேசிட்டுச் சொல்றோம்."

அவர் நாயகியைக் கழுத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கினார். முதல் மாடியில் கதவு திறந்தது. வெளியே நின்ற பெரியவர் இருவரையும் பார்த்துவிட்டு, "நான் அடுத்ததுல வரேன்" என்று பின்வாங்கினார்.

பஸ் இன்னும் வரவில்லை. தூரத்திலேயே பார்த்துவிட்ட வேன் அம்மா பதறிக்கொண்டு ஓடி வந்தார். "ஐயோ, கழுத்துல பிடிக்காதீங்க, கழண்டு வந்துடும்! ஒரு கை இடுப்புல, ஒரு கை முதுகுல குடுங்க. ஆங், அப்படித்தான்." பிடித்துக் கொடுத்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தார். "சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

ஒரு ஆட்டோவை நிறுத்தி, உட்கார்ந்த நிலையிலேயே டீச்சரை உள்ளே ஏற்றினார்கள். வேன் அம்மா தானும் ஏறி, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"இந்தச் சிக்கு ஒரு நாள்ல தீராது. வாரா வாரம் பிரிச்சு வாரணும். ஒரு ஆளால ஆகாது, இன்னொருத்தர் தலைய அசையாம பிடிச்சுக்கணும். முன்னாடி ரெண்டு பேர் செஞ்ச வேலை. அடுத்த ஞாயித்துக்கிழமை உங்களுக்குத் தோதுப்படுமா?"

லிஃப்ட்காரர் சட்டையை இழுத்துவிட்டு நேராக நின்றார்.

"எத்தனை மணிக்கு வேலைக்கு வரணும்?" என்று கேட்டார்.